வெளியூரில் இருக்கும் மகள்

“வணக்கம் சொன்னதும் அவசர அவசரமா ஆரம்பிக்காதம்மா. மனசுக்குள்ள மூணு எண்ணு. கடைசி வரிசையைப் பாரு. அப்புறம் வாயைத் திற.”

சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா மூன்று எண்ணினாள். பிறகு மகள் எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல கக்கூஸ்னு ஒரு வார்த்தைகூட இல்லையேடி. முப்பது வருஷமா நான் அங்க என்ன பண்ணேன்னு கேக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சுகாதாரப் பணின்னு எழுதியிருக்கேன்ல? மேடையில மத்ததெல்லாம் சொல்லக் கூடாதும்மா. கேக்கறவங்களுக்குக் கூச்சமா இருக்கும்.”

“கேக்கறவங்களுக்கா?” என்றாள் அம்மா.

மகள் அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் அடுப்புப் பக்கம் போனாள்.

அம்மா அந்தப் பெரிய மருத்துவமனையில் பிரசவ வார்டைக் கூட்டிக் கழுவுகிறவள். மகள் அதே வளாகத்தின் மறுகோடியில், அலுவலகத்தில் எழுத்தர். மகள் வேலைக்குச் சேர்ந்த அன்றே அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: “அங்க நீ யாரோ, நான் யாரோ. கூட்டுறவ பொண்ணுன்னு தெரிஞ்சா உன்னை நிம்மதியா நாற்காலியில உட்கார விடமாட்டாங்க.” அது வெறும் பயமல்ல. துப்புரவுப் பெண்களுக்கென்று ஒரு தனி டம்ளர் அலுவலகத்து ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அம்மா சொல்லி முடிப்பதற்குள்ளேயே மகள் தலையாட்டிவிட்டாள். அந்த அவசரம்தான் பிற்பாடு அவளைத் தின்றது. இரண்டு வருடமாக இருவரும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி வேறு வேறு பஸ்ஸில் போனார்கள்.

மகளுக்குக் குரல் கணீரென்று இருக்கும். அலுவலகத்தில் எந்த விழா என்றாலும் மைக் அவள் கைக்குத்தான் போகும். ஓய்வு பெறுகிறவர்களைப் பாராட்டும் விழா நெருங்கியபோது மேலாளர் அவளைக் கூப்பிட்டார்.

“இந்தத் தடவை ரிட்டயர் ஆகற கூட்டுற பொம்பளையும் பேசணும்னு மேலிடத்துல ஆசைப்படறாங்க. பத்திரிகைக்காரங்க வேற வர்றாங்க. ஏதாவது உளறி மானத்தை வாங்கிடப் போறா. நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுங்க.”

“சரி சார். அவங்க எந்த வார்டு?” என்று தெரியாதவள் போலக் கேட்டாள் மகள். கேட்டபின் நாக்கு கசந்தது.

விழாவன்று ஓய்வு பெறும் மற்ற நான்கு பேருக்கும் மேடையில் நாற்காலி இருந்தது. அம்மா மட்டும் படிக்கட்டுப் பக்கம் சுவரை ஒட்டி நின்றாள். மகள் நாற்காலிகளை எண்ணினாள். இன்னொன்று கொண்டுவரச் சொல்ல ஒரு வார்த்தை போதும். சொல்லாமல் அடுத்த பேச்சாளரை அழைத்தாள்.

அம்மாவின் முறை வந்தது. மைக் முன்னால் வந்து நின்று கடைசி வரிசையைப் பார்த்தாள். தாளைப் பிரிக்கவே இல்லை.

“நான் கக்கூஸ் கழுவுறவ. ரத்தம் துடைக்கிறவ. ஒரு புள்ளத்தாச்சி கட்டில விட்டு எறங்கினதும், அடுத்தவ வந்து படுக்க பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷம் என்னுது. நான் ஒரு மூலையை விட்டா, வர்றவளுக்குக் காய்ச்சல் வரும். புள்ளைக்கும் வரும். முப்பது வருஷத்துல எந்த மூலையையும் நான் விடல.” நிறுத்தினாள். மூன்று எண்ணியிருப்பாள். “பெரிய டாக்டரு ஒரே ஒரு தடவை வழுக்கி விழுந்தாரு. அது நான் தொடைச்சதால இல்ல, அவரு செருப்பு அப்படி.”

அரங்கம் சிரித்தது, பெரிய டாக்டரும் சிரித்தார். பிறகு எழுந்த கைதட்டல் சட்டென்று அடங்கவில்லை. மகளுக்கு நெஞ்சு விம்மியது. அந்தப் பெருமையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

மேலாளருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. உட்கார்ந்தபடியே கேட்டார்: “உனக்குப் பிள்ளைங்க இருக்காங்களா? வந்திருக்காங்களா?”

மகள் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“ஒரே பொண்ணுங்கய்யா. வெளியூர்ல நல்ல வேலையில இருக்கா. லீவு கிடைக்கல.”

அதற்கும் கைதட்டினார்கள். மகள் நன்றியுரை சொன்னாள். ஒரு சொல்கூடப் பிசகவில்லை. பிசகவில்லையே என்பதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

கூட்டம் கலைந்தது. தேநீர்க் கோப்பையோடு மேலாளர் வந்தார்.

“பிரமாதமா தயார் பண்ணிட்டீங்க. ஆனா பாருங்க, பெத்த பொண்ணு எட்டிப் பார்க்கல. என்ன ஜென்மமோ. சரி, அந்தப் பொம்பளை போறதுக்கு முன்னாடி இந்த ஹாலைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.”

“அவங்க எங்கம்மா சார்.”

இருநூறு பேருக்குக் கேட்கும் அந்தக் குரல் பக்கத்தில் நின்றவருக்குக் கேட்கவில்லை. “என்ன?” என்றார். இரண்டாம் முறை சொல்வதுதான் கடினமாக இருந்தது.

“அந்தப் பொண்ணு நான்தான் சார். அவங்க எங்கம்மா.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல நீ?” இரண்டு வருடம் புழங்கிய ‘நீங்க’ ஒரே மூச்சில் போய்விட்டது.

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்த அம்மாவின் காதில் அது விழுந்தது. மகளைச் சுவரோரம் இழுத்தாள்.

“உனக்காகத்தானேடி அத்தனை பேர் முன்னாடி பொய் சொன்னேன். இப்ப என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியே.”

“மன்னிச்சிடும்மா,” என்று மட்டும் மகளுக்குச் சொல்ல வந்தது. விளக்குமாற்றைக் கேட்டாள். அம்மா தரவில்லை. மகள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலிகளை ஒன்றொன்றாக மடித்து ஓரத்தில் அடுக்கினாள். அலுவலகத்துப் பெண்கள் கையில் கோப்பையோடு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவள் முகம் எரிந்தது. கைகள் நிற்கவில்லை.

மேலாளர் அம்மாவின் பக்கம் போனார். “பொண்ணு வெளியூர்ல இருக்கான்னு சொன்னியே?”

அம்மா கூட்டுவதை நிறுத்தவில்லை.

“ஆமாங்கய்யா. இப்பத்தான் வந்து சேர்ந்தா.”