மீராசா மருந்தான வரலாறு

1981ஆம் ஆண்டு நோன்பு மாதத்தின் பதினோராம் நாள், அஸர் தொழுகையின் இரண்டாம் ரக்அத்தில், மீராசாவின் புறங்கழுத்தில் குந்திய நுளம்பு செத்து விழுந்தது. அதற்குப் பின்னால் வந்ததும் விழுந்தது. தொழுகை முடிந்து பார்த்தால் அவன் நின்ற இடத்தைச் சுற்றிப் பாயில் பதினேழு நுளம்பும் நாலு இலையானும் ஒரு கரப்பானும் மல்லாந்து கிடந்தன. பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் அவற்றைக் கூட்டி வெளியே தள்ளினார். மறுநாளிலிருந்து மீராசாவுக்குப் பக்கத்தில் நின்று தொழுவதற்கு ஆட்கள் முண்டியடித்தார்கள், ஏனென்றால் வாய்க்கால் அடைபட்டுக் கிடந்த வருடம் அது, நுளம்பு தாங்க முடியவில்லை. ஒருவரும் பயப்படவில்லை. எங்கள் ஊரில் ஒரு காரியத்தால் நன்மை வருகிறதென்றால் அதற்குக் காரணம் கேட்கிற பழக்கம் கிடையாது.

காரணம் கேட்காமலே எல்லாருக்கும் தெரியும் என்பது வேறு கதை. மீராசா தேங்காய் பறிக்கிறவனாக இருந்தான். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி கரையோரத் தென்னையை ஒரே நாளில் படுக்கவைத்ததும் அவனுக்கு ஏற மரம் இல்லாமல் போயிற்று. அடுத்த பெரும்போகத்தில் நெல்லுக்கு அறக்கொட்டி வந்தது. எள்ளளவு கபிலப் பூச்சி, தண்டில் குந்தி உறிஞ்சினால் வயல் எரிந்த மாதிரி நிற்கும். ஊரின் வயல்வெளியான வட்டையில் நாற்பது ஏக்கர் செய்த அச்சிமுகம்மது போடியார் மீராசாவைக் கூப்பிட்டு, முதுகில் மெசினை ஏற்றி, கையில் குழாயைக் கொடுத்தார். அன்றிலிருந்து அவன் மருந்தடிக்கிறவன் ஆனான். கவனிக்க வேண்டியது அந்தச் சொல்லைத்தான். போத்தலில் மண்டையோடு வரைந்து, பக்கத்தில் பெரிய எழுத்தில் நஞ்சு என்று போட்டிருந்தது. ஆனால் கடைக்குப் போய் ஒரு போத்தல் நஞ்சு தாருங்கள் என்று எந்த முஸ்லிம் கேட்பான்? கேட்டால் கடைக்காரர் பள்ளித் தலைவருக்கு ஆள் அனுப்பியிருப்பார். ஆகவே மருந்து என்றே கேட்டார்கள், மருந்து என்றே கொடுத்தார்கள். மருந்து என்று சொன்ன பிறகு அதற்கு யார் பயப்படுவது? கையால் கலக்கினார்கள். குழாய் அடைத்தால் வாயால் ஊதித் திறந்தார்கள்.

விவசாயப் போதனாசிரியர் இராசதுரை ஒருவர்தான் அந்தச் சொல்லோடு சண்டை பிடித்தவர். கல்முனையிலிருந்து சைக்கிளில் வருவார், மெலிந்த மனிதர், சத்தம் போடத் தெரியாதவர். எழுபத்தொன்பதில் எங்கிருந்தோ ஆறு பெட்டி பாதுகாப்பு உடுப்பு கொண்டுவந்து மருந்தடிக்கிற ஆறு பேருக்கும் கொடுத்தார். நீளக் கோட்டு, றப்பர் கையுறை, சப்பாத்து, கண்ணாடி, மூக்கையும் வாயையும் மூடுகிற முகமூடி.

"இது மருந்தில்ல மீராசா, நஞ்சு," என்று அவர் சொன்னார். "உடுப்பப் போடாம மெசினத் தூக்காத."

மீராசா ஒரு நாள் போட்டான். அந்த ஒரு நாளை ஊர் விடவில்லை. வரம்பில் நின்றவர்கள் புதுப்பொண்ணு வருது, முக்காட்டை விலக்குங்க என்று கூவினார்கள். மச்சான்மார் குரவை போட்டார்கள். போடியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "மருந்துக்கு ஆராவது பயப்படுவானா மனே?" என்று கேட்டார். வெயிலும் கொஞ்சமல்ல, கோட்டுக்குள் உடம்பு வெந்தது. அடுத்த நாள் அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறும் மேலோடு போனான். மற்ற ஐந்து பேர் அந்த ஒரு நாளும் போடவில்லை. கையுறைகள் மீன் வெட்டப் போயின. முகமூடியில் தேங்காய்ப்பால் வடித்தார்கள், நன்றாக வடிந்தது என்று கேள்வி. கண்ணாடிகளைப் பிள்ளைகள் கடலுக்குக் கொண்டுபோனார்கள். கோட்டுகள் மழைக்கு ஆட்டின் மேல் கிடந்தன. ஆக, அந்த வருடம் ஊரில் நன்றாகப் பாதுகாக்கப்பட்டவை ஆடுகள்தான். வெட்கம் ஆளைக் கொல்லுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொல்லும், நான் பார்த்திருக்கிறேன், எட்டு வருடம் எடுக்கும்.

பூச்சி விழுகிற தூரம் மாதத்துக்கு மாதம் கூடியது. முதலில் ஒரு சாண், பிறகு ஒரு முழம், எண்பத்திரண்டு பிறந்தபோது இரண்டு கையையும் விரித்த ஒரு பாகம். போடியார் மெசினைக் கழற்றி வைத்துவிட்டார், மருந்துச் செலவும் மிச்சம். மீராசா காலையில் வெறும் மேலோடு வரம்பில் நடந்தால் போதும், இரண்டு பக்கமும் அறக்கொட்டி உதிர்ந்து தண்ணீரில் மிதந்தது. நிந்தவூரிலிருந்தும் அட்டாளைச்சேனையிலிருந்தும் ஆள் வந்து அவனைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போய் நடக்கவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்படிக் கொண்டுபோனவர்களுக்கு இரண்டு நாள் தலையிடி இருந்தது, அது வெயில் என்று சொன்னார்கள்.

அந்த வருடம் சித்திரையில் மீராசாவின் பெண்சாதி சுல்பிகாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து வந்த பிள்ளை. பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல மீராசா கைகால் முகம் கழுவி ஒலுவோடு வாசலில் காத்துக்கொண்டிருந்தான். உள்ளே போய்ப் பிள்ளையின் வலது காதருகில் குனிந்ததும் அதன் உதடு நீலம் பாய்ந்தது. அவன் வெளியே ஓடினான். ஐந்து நிமிடத்தில் பிள்ளை வீறிட்டு அழுது சிவந்தது. மறுபடி வாசலில் கால் வைத்தான், மறுபடி நீலம். கடைசியில் சுல்பிகாவின் தம்பி பாங்கு சொன்னான், மீராசா வேலிக்கு வெளியே நின்று கேட்டான். பிள்ளைக்கு நஸீறா என்று பெயர் வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, ஆண் அதற்கு வந்து சேர்கிறவன். போகவேண்டி வந்தால் அவன்தான் போகவேண்டும். ஆனால் சுல்பிகா அவனைப் போகச் சொல்லவில்லை, அதை எழுதி வைக்க வேண்டும். வேலியருகே வந்து, "எனக்கு மூச்சு முட்டினாப் பறவால்ல, உள்ள வாங்க," என்றாள். புள்ளைக்கு முட்டும் என்று அவன் சொல்லிவிட்டு, ஒரு பாயும் கேத்தலும் எடுத்துக்கொண்டு வட்டையில் காவலுக்குக் கட்டிய ஓலை வாடிக்குப் போனான். மூன்று வருடம் அங்கேயே இருந்தான். அவள் சோற்றை வாய்க்காலின் இக்கரையில் வைத்துவிட்டுப் பத்தடி பின்னால் நிற்பாள். அவன் வந்து எடுப்பான். நஸீறா தவழ்ந்ததையும் நடந்ததையும் அவன் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டான். அவனுக்கு வேண்டியதெல்லாம் மகளை ஒருதரம் தூக்குவது. வேறு ஒன்றையும் அவன் கேட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

எண்பத்தைந்தில் கல்முனை வீதியில் சீருடைக்காரர் நிற்கத் தொடங்கினார்கள். இரும்புத் தொப்பி, நெஞ்சுக்கு முன்னும் பின்னும் தடித்த கவசம், அந்த வெயிலிலும் கழற்றாமல் நின்றார்கள். ஒருவரும் அவர்களைப் புதுப்பொண்ணு என்று கூவவில்லை. மீராசா ஒருநாள் தூரத்தில் நின்று அவர்களை நெடுநேரம் பார்த்தான். உள்ளே வருவதைத் தடுக்கிற உடுப்பு வெளியே போவதையும் தடுக்கும்தானே என்று அவனுக்கு அன்றுதான் உறைத்தது. இராசதுரைக்குச் சொல்லி அனுப்பினான். கலவரக் காலம், ஆனாலும் அவர் சைக்கிளில் வந்தார், ஒரு பெட்டிதான் கிடைத்தது என்றார். வாய்க்காலுக்கு இக்கரையில் நின்றுகொண்டு பேசினார்.

"போட்டா வெளிய போறதெல்லாம் உனக்குள்ளதான் நிக்கும். விளங்குதா?"

"எத்தின நாளைக்கு ஏலும் சேர்?"

"அது எனக்குத் தெரியா."

"அப்ப தாங்க," என்றான் மீராசா.

முதல் தடவை அவன் கோட்டும் முகமூடியும் கண்ணாடியுமாக வேலிப் படலையைத் திறந்தபோது நஸீறா அலறிக்கொண்டு கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்தாள். மூன்று நாள் அப்படி. நாலாம் நாள் அவள் வந்து கையுறையின் விரலொன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவன் தூக்கினான். உதடு நீலம் பாயவில்லை. முற்றத்தில் கோழிகள் கொத்திக்கொண்டு திரிந்தன, ஒன்றும் சாகவில்லை. இலையான் ஒன்று அவன் தோளிலேயே குந்தியது. அந்த உடுப்பு எழுபத்தொன்பதில் கொடுத்த முதல் நாளிலிருந்தே வேலை செய்யக் கூடியதுதான் என்பது சுல்பிகாவுக்கு அப்போது விளங்கியது. அவள் குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அதன் பிறகு காலையில் வெறும் மேலோடு வரம்பு, அஸருக்குப் பின் உடுப்போடு வீடு என்று அவனுடைய நாள் இரண்டாகப் பிரிந்தது. ஒரு மணித்தியாலம் மகளைத் தோளில் வைத்திருப்பான். அவளுக்கு முன்னால் முகமூடியை ஒருதரமும் கழற்றவில்லை, கழற்ற ஏலாது. வாப்பா என்றால் குளிர்ந்த றப்பர், இரண்டு வட்டக் கண்ணாடி, உள்ளேயிருந்து வருகிற மூச்சுச் சத்தம் என்று அவள் படித்துக்கொண்டாள். வாப்பாவின் முகத்தைக் கீறு என்று அரிவரி டீச்சர் சொன்னபோது இரண்டு வட்டம் போட்டுக் கொடுத்தாளாம். ஒவ்வொரு மணித்தியாலமும் அவனுக்குள் நின்றது. நகம் கறுத்தது, பிறகு பல் ஆடியது, பிறகு சோறு இறங்கவில்லை. மெலிந்து போகிறாய், நெல்லும் காய்கிறது, அந்தச் சனியனைப் போடாதே என்று போடியார் வந்து சொன்னார். பூச்சி விழுகிற தூரம் குறைந்துவிட்ட கவலை அவருக்கு. மீராசா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு நேரமானதும் உடுப்பைப் போட்டான்.

எண்பத்தேழாம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவன் வாடியில் மௌத்தாகிக் கிடந்தான். உடுப்பு ஆணியில் மாட்டியிருந்தது. ஜனாஸாவை வீட்டுக்குக் கொண்டுவந்து முற்றத்தில் மறைப்புக் கட்டினார்கள். மையித்துக் குளிப்பாட்டுகிற பக்கீர் முகைதீன் முப்பது வருடம் அந்த வேலை செய்தவர், கொலறாவில் செத்தவர்களையும் குளிப்பாட்டியவர். மறைப்புக்குள் போய் இரண்டு நிமிடத்தில் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தார். வாடிக்கு ஆள் ஓடி உடுப்பை எடுத்துவந்தது. கோட்டு, கையுறை, சப்பாத்து, கண்ணாடி, முகமூடி, எல்லாவற்றையும் அவர் ஒன்றும் விடாமல் போட்டுக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிவிட்டு அவர் மறைப்பை விலக்கி வெளியே வந்தபோது நஸீறா ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க வாப்பா போன நீங்க? காலயில இருந்து எல்லாரும் அழுறாங்க."

பக்கீர் முகைதீன் வாய் திறக்கவில்லை, திறந்தால் குரல் வேறு என்று தெரிந்துவிடும். முகம் பார்க்க வா என்று மாமி அவளைக் கூப்பிட்டாள். அவள் கையுறையை விடாமல் பத்தடி தள்ளி நின்றே எட்டிப் பார்த்தாள். கறுத்து வற்றிய ஒரு முகம்.

"இவர் ஆரு?" என்று கேட்டாள்.

முற்றம் நிறைய ஆட்கள் நின்றார்கள். பதில் சொல்லக் கூடியவர்கள் எல்லாரும் சுல்பிகாவைப் பார்த்தார்கள். அவள் நிலத்தைப் பார்த்தாள். பக்கீர் முகைதீன் குனிந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மையித்தை வைத்த சந்தூக்கு அவர்களைத் தாண்டிப் போனது.

அந்தப் போகத்தில் அறக்கொட்டி திரும்பி வந்தது. போடியார் வேறொருவனின் முதுகில் மெசினை ஏற்றினார். அவனும் வெறும் மேலோடுதான் போனான், ஊரில் உடுப்பு ஒன்றுதான் இருந்தது, அதற்கு வேறு வேலை இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பின் பக்கீர் முகைதீன் அதைப் போட்டுக்கொண்டு சுல்பிகா வீட்டு முற்றத்தில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வருவார். வாப்பாவுக்குத் தொண்டை வருத்தம், கதைக்க ஏலாது என்று பிள்ளைக்குச் சொல்லியிருந்தது. எண்பத்தொன்பதில் அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதால் அவருடைய தம்பி போகத் தொடங்கினார். நஸீறா வித்தியாசம் காணவில்லை. வாப்பா கொஞ்சம் கட்டையாப் போயிட்டார் என்று மட்டும் உம்மாவிடம் சொன்னாளாம். வேலை செய்யிற ஆக்கள் அப்பிடித்தான் மகள் என்று சுல்பிகா சொன்னாள்.