குதிகாலும் கற்பூரமும்

பஞ்சு பட்டாச்சாரியாருக்கு இடது குதிகாலில் முள். குத்திய முள்ளாக இருந்தால் பிடுங்கி எறிந்திருப்பார். இது எலும்பிலேயே முளைத்தது. பாளையங்கோட்டை எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயில் முள்ளைக் காட்டினார். குதிகாலை அழுத்திப் பார்த்து, எலும்பை ஒட்டிய நீர்ப்பையும் வீங்கியிருக்கிறது என்றார்.

“கல்லுத் தரையில வெறுங்காலோட நிக்காதீங்க. மெத்துன்னு செருப்பு போடுங்க.”

“கருவறைக்குள்ளயா?”

டாக்டர் சிரித்துவிட்டார். அப்படியானால் ஊசி போடலாம், ஆனால் மூன்று வாரம் காலுக்கு ஓய்வு வேண்டும் என்றார்.

மூன்று வாரம் கோயிலை யார் பார்ப்பது? ஆற்றங்கரையில் சின்னக் கோயில். அர்ச்சகர் அவர் ஒருவர்தான். மனைவி சீதாலக்ஷ்மியின் தம்பி பிள்ளை முகுந்தன் இருக்கிறான். நல்ல குரல், வேலைக்கு ஊர் ஊராக அலைகிறவன். அவன் கையில் சாவி போனால் திரும்பி வருமா? முப்பது வருஷமாகத் தொட்டுத் துடைத்த பெருமாளை விட்டுக்கொடுக்க பஞ்சுவுக்கு மனசில்லை. காலையில் வைக்கிற முதல் அடியில் உயிர் போய்த் திரும்பும், பல்லைக் கடித்துக்கொண்டார்.

பிறகு ஹோமியோபதி டாக்டர் நேசையாவிடம் போனார். நடக்க நடக்க வலி கூடுகிறதா, குறைகிறதா, புளிப்பு பிடிக்குமா, கோபம் வருமா என்று அவர் ஒரு மணி நேரம் விசாரித்தார். கடைசியில் சீனி உருண்டைகள் கொடுத்தார்.

“காப்பி கூடாது சாமி. கற்பூர வாசனையே ஆகாது. மருந்து முறிஞ்சிரும்.”

வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், ஒரு அர்ச்சகரிடம் எதை விடச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. பஞ்சுவும் சொல்லவில்லை.

காப்பியை விட்டார். கோயிலில் கற்பூர ஆரத்தியை நிறுத்தி நெய்விளக்கைக் காட்டினார். கேட்டவர்களிடம், “மேலிடத்து உத்தரவு” என்று வாய் கூசாமல் சொன்னார். உத்தரவு என்றால் நம் ஜனங்கள் மறுபேச்சுப் பேசுவார்களா? நாற்பது நாளில் வலி பாதி குறைந்தது. உருண்டையாலா, குறைகிற காலம் வந்து குறைந்ததா, அவருக்கே தெரியாது.

ஒரு சனிக்கிழமை பலவேசம் வந்தார். விக்கிரமசிங்கபுரம் நூல்மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாராவாரம் மனைவியோடு பஸ் ஏறி வருகிறவர். அன்று தனியாக வந்திருந்தார். நெய்விளக்கைக் காட்டியதும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

“சாமி, மொகம் தெரியலயே. ஒரு கற்பூரம் காட்டுங்களேன். அவ ஆஸ்பத்திரியில கெடக்கா. பெருமாள நல்லா பாத்துட்டு வந்து எப்பிடி இருந்தாருன்னு சொல்லுங்கன்னா.”

“உத்தரவு இல்லையே, பலவேசம்.”

“உத்தரவுன்னா நீங்க என்ன செய்ய முடியும்?” என்றார் பலவேசம். வருத்தம்கூடப் படவில்லை. “நல்லா இருந்தாருன்னு சொல்லிக்கிடுதேன்.”

துளசியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் சண்டை பிடித்திருந்தால் பஞ்சு தப்பித்திருப்பார். இருட்டுக்குள் பெருமாளோடு நின்றவருக்கு வெட்கம் தாளவில்லை.

நடை சாத்தியதும் வாசலிலேயே நின்று போன் போட்டார்.

“முகுந்தா, நாளைக்கே கிளம்பி வா. நான் ஊசி போட்டுக்கப் போறேன். கோயில்ல நீதான் கற்பூரம் காட்டணும், என்னால நிக்க ஆகாது.”

“எத்தனை நாளைக்கு அத்திம்பேர்?”

“டாக்டர் மூணு வாரம்னார்” என்றார் பஞ்சு. “அப்புறம் உன் இஷ்டம்.”