நத்தைக் கோப்பு

2004 மார்ச் 9 அன்று, ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் மாடியில் இருந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒரு குளத்து நத்தையின் பெப்டைடை, அதாவது புரதத் துணுக்கு ஒன்றை, எடைபோட்டது.

தரவுத்தளத்தில் அந்த நத்தையின் புரதங்கள் இல்லாததால் தேடல் மென்பொருள் கையை விரித்துவிட்டது. சீனியர் அக்கா விடவில்லை. கருவி தந்த வரைபடத்தை அச்செடுத்து மேசையில் விரித்து, முகடுகளுக்கு நடுவே இருந்த இடைவெளிகளை அளந்து, ஒவ்வொன்றும் எந்த அமினோ அமிலத்தின் எடை என்று கணித்து, பதினொன்றைப் பென்சிலால் வரிசையாக எழுதினார். "இது ஆராய்ச்சி இல்லம்மா, ஜோசியம்" என்றார் இயக்குநர். அளவுகோலின் மறுமுனையைப் பிடித்திருந்தவள் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாள். அக்காவின் முகம் சுண்டிப்போனதை அவள் மறக்கவில்லை.

இப்போது அவள்தான் இயக்குநர். முடிவு தெரியாத பழைய கோப்புகளை வெள்ளிக்கிழமை அழிக்க உத்தரவு வந்திருந்தது. நத்தையின் மரபணுத் தொகுப்பு சென்ற ஆண்டுதான் வெளியாகி, அதன் புரதங்களும் தரவுத்தளத்தில் சேர்ந்திருந்ததால், கடைசியாக ஒருமுறை அந்தக் கோப்பைத் தேடலுக்குக் கொடுத்தாள். 2004-இல் மூன்று நாள் ஓடிய தேடல் நான்கு நிமிடத்தில் முடிந்தது. உடனே போனை எடுத்தாள்.

"அக்கா, உங்க ஜோசியம் பலிச்சிடுச்சு! பதினொண்ணுல பத்து சரி."

"ஒண்ணை எங்கடி கோட்டை விட்டேன்?"

"ஐசோலூசின் வரவேண்டிய இடத்துல லூசின் போட்டிருக்கீங்க."

"போடி இவளே! ரெண்டுக்கும் ஒரே எடை. எடையை மட்டும் பார்த்து உன் மென்பொருளே பிரிச்சிடுமா?"

இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை நாற்பத்தொரு கோப்புகள் அழிக்கப்பட்டன. நத்தைக் கோப்பு அவற்றில் இல்லை.