பன்னிரண்டு டிகிரி

கடையிலிருந்து சோதித்துப் பார்க்க வாங்கிவந்த இரண்டு ஜிபிஎஸ் கருவிகளையும் விமானி அந்தச் சிறு விமானத்தின் முன்கண்ணாடியில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினான். ஒன்று ரொட்டித் துண்டு அகலம், இன்னொன்று அதில் பாதி. கடைக்காரர் நான்கு மணிக்குள் ஒன்றைத் திருப்பிக் கேட்டிருந்தார். எது வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லியாக வேண்டும். விமானி இருக்கையில் நிலைகொள்ளாமல் நெளிந்தான்.

"பெரிசு வெயில்ல தெரியுது, ஆனா பேட்டரி ரெண்டு மணி நேரந்தான். சின்னது அஞ்சு மணி நேரம் தாங்குது, எழுத்து எறும்பு மாதிரி" என்றான் பக்கத்து இருக்கையிலிருந்த மெக்கானிக். விமானியின் மனைவிக்குத் தம்பி. மாதக் கடைசியோடு அவனுக்கு இங்கே வேலை இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் விமானி மலைகளுக்கு நடுவே முப்பது கிலோமீட்டர் விலகிப் போய், எரிபொருள் தீரும் நிலையில் தவறான பள்ளத்தாக்கில் இறங்கினான். கருவி பழுது என்றான். முந்தின நாள்தான் மெக்கானிக் அதற்கு அப்டேட் போட்டிருந்தான். பழி அவன்மேல் விழுந்தது.

"அக்கா இன்னும் பேசலையா மாமா?"

"பேசுறா. 'சாப்பாடு இருக்கு'ன்னு."

"அதுவே பெரிய சலுகை."

இருவரும் அன்று விமானி போக வேண்டியிருந்த அதே இடத்தைக் கருவிகளில் தேர்ந்தெடுத்தார்கள். தூரம் இரண்டிலும் நூற்றைம்பது கிலோமீட்டர். திசை பெரியதில் எழுபத்திரண்டு டிகிரி, சின்னதில் எண்பத்து நான்கு.

"தூரம் ஒண்ணு, திசை மட்டும் எப்படி ரெண்டு?" மெக்கானிக் அமைப்புகளைத் திறந்தான். "ஓ. பெரிசு வரைபடத்து வடக்கைக் காட்டுது. சின்னது திசைகாட்டி ஊசி காட்டுற காந்த வடக்கை. இந்தப் பக்கம் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் மாமா."

விமானியின் விரல் பெரிய கருவியின் எழுபத்திரண்டில் போய் நின்றது.

வழி தவறிய அந்த நாள் காலையில், வரைபடத்தில் பென்சிலால் போட்ட கோடும் பழைய கருவியின் எண்ணும் ஒத்துப்போகவில்லை. எரிச்சலில் அவனே கருவியின் அமைப்பை வரைபடத்து வடக்குக்கு மாற்றி வைத்தான். எண் ஒத்துப்போனது. மேலே போனதும் வெயிலில் கருவியின் படம் தெரியவில்லை. எண்ணை மட்டும் படித்து, திசைகாட்டியின் காந்த ஊசியைப் பார்த்து ஓட்டினான்.

"நீ அப்டேட் போட்டப்ப எந்த வடக்குல விட்டே?"

"காந்தத்துல. எப்பவும் அதுதான். ஏன்?"

விமானி பெல்ட்டைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். முதலாளி கொட்டகையிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

"என்னப்பா, எது தேறுது?"

"ரெண்டும் நல்லாதான் இருக்கு சார்." கீழே இறங்கி நின்றான். "பழசும் நல்லாதான் இருந்துச்சு. அன்னைக்கு அமைப்பை மாத்தினது நான். மச்சான் இல்ல."



முதலாளி உள்ளேயிருந்த மெக்கானிக்கை எட்டிப் பார்த்தார். "நீ மாசக் கடைசியில எங்கேயும் போக வேண்டாம்." பிறகு விமானியிடம் கையை நீட்டினார்.

விமானி விமானத்தின் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தான்.