துரைமாருக்குக் கட்டியது

"கக்கூஸ் சாவியக் குடுங்க."

மேனேஜர் பூமிநாதனின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை உதட்டுக்குப் போகாமல் நின்றது. இந்த ஒரு பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சேதுலட்சுமியிடம் சொல்லி வைத்திருந்தார். இப்போது வெளிநாட்டுக்காரர் எதிரில், ஒரு பெண்பிள்ளை வாயால் அது வருகிறது. எதிர் நாற்காலியிலிருந்த யென்சன் துரை இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

துரை கேட்டது சாதாரணக் கேள்விதான். மண்டபம் கரையில் இறால் பதனிடும் இந்த ஆலைக்கு முதல் போட்டது அவருடைய டென்மார்க் கம்பெனி. உறைய வைக்கும் இயந்திரத்தோடு, தொழிலாளிகளுக்கென்று குடிநீரைக் குளிர வைக்கும் பெட்டி ஒன்றையும் கப்பலில் அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவரும் தண்ணீர் குடிப்பதில்லையே, ஏன்? நாளை இரண்டாவது கொட்டகைக்குக் கையெழுத்துப் போடுமுன் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். பூமிநாதன் யோசிக்கவே இல்லை. "எங்க பொம்பளைக வேல நேரத்துல தண்ணி குடிக்க மாட்டாக, லெச்சுமிக்கு ஆகாதுன்னு ஒரு ஐதீகம். அப்படியே இங்கிலீஷ்ல சொல்லும்மா" என்றார். அதைச் சொல்லாமல்தான் அவள் சாவியைக் கேட்டாள்.

சேதுலட்சுமிக்குச் சிரிப்பு வந்து பாதியில் கசந்தது. இறால் உரிப்பவர்களில் பாதிப் பேர் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். மீதியில் பாதி மாதா கோயிலுக்குப் போகும் தங்கச்சிமடத்து வேதக்காரர்கள். அவர்களுக்கு எந்த லெட்சுமி?

விடியலில் தண்டு போட்டுச் சாத்தும் கேட், பெண்களுக்குப் பொழுது சாய்ந்துதான் திறக்கும். ஆலை வருமுன் ஒதுங்குவதற்கு உடைமரக்காடு இருந்தது. அதில் பெரும்பகுதியை வெட்டித்தான் மதில் எழுப்பினார்கள். டென்மார்க்கில் போட்ட வரைபடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இருந்தது. கட்டவும் கட்டினார்கள். வெள்ளை ஓடு பதித்த சுவரைப் பார்த்ததும் பூமிநாதனுக்கு மனசு மாறிவிட்டது. துரைமார் வந்தால் போகட்டும் என்று பூட்டிவிட்டார். துரைமார் வருஷத்துக்கு ஒரு தரம் வந்தார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். ஆபீசில் டைப் அடிக்கும் சேதுலட்சுமியும்தான், சேர்ந்த நாளிலிருந்து.

இன்று காலை இறால் உரிக்கும் ராக்கு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சரிந்தபோது அவளைத் தாங்கிப் பிடித்தது சேதுலட்சுமிதான். மாத்திரை விழுங்கத் தண்ணீர் நீட்டினாள். "வேணாத்தா. உள்ள போனா வெளிய வரணும்ல" என்றாள் ராக்கு. அந்த வலியிலும் அவளுக்குக் கேலி.

"ஏத்தா, ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா?" பூமிநாதன் கோப்பையை வைத்தார். "அது துரைமாருக்குக் கட்டுனது. இவளுகளுக்குத் தெறந்து விட்டா ஒரே நாள்ல நாறடிச்சிருவாளுக."

"அவளுக கைபட்ட எறாலத்தான் துரை வீட்ல வாயில வைக்கிறாக. அது நாறலையா சார்?"

"நாக்க அடக்கு. ஒங்கய்யா என் கால்ல விழுந்து வாங்குன வேல இது."

"அவரு விழுந்தாரு. நான் விழல."

துரை பக்கம் திரும்பினாள். மதுரையில் பி.ஏ. படித்த ஆங்கிலம் இதுவரை கம்பெனிக் கடிதங்களுக்குத்தான் உதவியிருந்தது. பூட்டு, மதில், ராக்குவின் அடிவயிறு என்று கூச்சமில்லாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். துரையின் காது மடல்கள் சிவந்தன. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மிக மென்மையாகப் பேசினார். உள்ளூர் வழக்கங்களில் எங்கள் கம்பெனி தலையிடுவதில்லை, மேனேஜர் கவனிப்பார், முதலில் கையெழுத்து முடியட்டும்.

"இது வழக்கமில்லை. பூட்டு" என்றாள் அவள்.

அவர் கரண்டியை எடுத்துத் தேநீரைக் கலக்கினார். பூமிநாதன் கத்தியபோதுகூடச் சாவி கிடைத்துவிடும் என்றுதான் நம்பியிருந்தாள். துரையின் இந்த மரியாதையில்தான் அந்த நம்பிக்கை போயிற்று. தம்பியின் படிப்பு, அய்யா ஊரெல்லாம் சொல்லித் திரிந்த கம்பெனி உத்தியோகம் எல்லாம் நினைவில் வரத்தான் செய்தன. வந்தும் காலைக் கட்டவில்லை.

"சரி, போயி நாளைக்குள்ள பேப்பர டைப் அடி. நடந்தத நான் மறந்துர்றேன்" என்றார் பூமிநாதன், பெரிய மனசோடு.

"நீங்க மறங்க சார். என்னால முடியாது."

கொட்டகையில் இறால் அப்போதுதான் வந்து இறங்கி, ஐஸோடு குவிந்து கிடந்தது. கவிழ்த்த கூடையில் ராக்கு குறுகி உட்கார்ந்திருந்தாள். சேதுலட்சுமி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நான் ஒதுங்கப் போறேன். பட்டப்பகல்ல, கேட்டத் தெறந்துக்கிட்டு. வாரவுக வாங்க. பூட்டு தெறக்குற வரைக்கும் நான் உள்ள வாரதா இல்ல."

"எறா கெட்டுப்போகுமேத்தா?" என்றாள் பக்கத்து மேசை மெஹருன்னிசா.

"கெடட்டும்க்கா. நம்ம ஒடம்பு கெடலையா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாட்ச்மேன் அலியார் ஸ்டூலை விட்டு எழுந்தார். தடுக்கக் கை நீட்டவில்லை. கேட்டின் இரும்புத் தண்டை அவளே தூக்கினாள். வெளியே உச்சி வெயிலில் மணல் கண்ணைக் கூச வைத்தது. பின்னால் இறால் ஓடு உரிக்கும் சத்தம் ஒரு மேசையில் நின்றது, பிறகு அடுத்த மேசையில். அவள் திரும்பாமல் நடந்தாள்.