ஒரு கட்டை கீழே

ஓலீட்டா பிரைஸ் கட்டைவிரலைத் தரையைப் பார்த்துக் காட்டினாள். அவ்வளவுதான். 'உப்பு ரயில்' பாட்டை இன்றைக்கு ஒரு கட்டை இறக்கிப் பாடப்போகிறாள் என்று அர்த்தம். தொண்டை கட்டியிருக்கிறதாம். டிரம்ஸ்காரர் தலையாட்டினார். பேஸ் வாசிப்பவர் தலையாட்டினார். இரண்டாவது கித்தார்க்காரன் ஹோய்ட், ஊர் வழக்கப்படி கோலா பாட்டிலுக்குள் வேர்க்கடலையைக் கொட்டிக்கொண்டே தலையாட்டினான். முதல் கித்தார்க்காரன் வெர்லின் டாகெட்டும் தலையாட்டினான். ஆட்டிவிட்டு இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

அமெரிக்காவின் பாட்டு ஊரான நாஷ்வில்லில் வாத்தியம் வாசித்துப் பிழைக்கிற எவனும் "அந்தச் சுருதியில் என்னால் முடியாது" என்று சொல்லமாட்டான். சொல்லிவிட்டு மறுநாள் எந்த ஸ்டூடியோ வாசலிலும் போய் நிற்க முடியாது. இங்கே பாட்டையே ஒன்று, நான்கு, ஐந்து என்று எண்களாகத்தான் எழுதுவார்கள். பாடுகிறவர் எந்தச் சுருதியைக் கேட்டாலும் எண் அப்படியே இருக்கும், விரல்தான் இடம் மாறவேண்டும். அதில் இந்த ஊர்க்காரர்களுக்குத் தலைகால் புரியாத பெருமை. வெர்லினுக்கும் இருந்தது, போன குளிர்காலம் வரைக்கும்.

போன குளிர்காலத்தில்தான் அவனுடைய இடது கை மோதிர விரல் மடங்க ஆரம்பித்தது. வலி கிடையாது. அந்தக் கையால் காப்பிக் கோப்பையைப் பிடிக்கலாம், சட்டைப் பொத்தான் போடலாம். கித்தார் தந்தியின்மேல் வைத்தால் மட்டும் விரல் தானாகச் சுருண்டு உள்ளங்கைக்குள் போய்விடும். ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்று மெம்ஃபிஸ் வரை போய் ஒரு டாக்டரிடம் காட்டினான். அளவுக்கு மீறி வாசித்தவர்களுக்கு வருவதுதான், வாசிப்பதை நிறுத்திவிட்டால் தொந்தரவு இருக்காது என்று அந்த மகானுபாவர் யோசனை சொன்னார். வெர்லின் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அவன் நிறுத்தக்கூடிய ஆள் இல்லை. 'உப்பு ரயில்' பாட்டின் முதல் நான்கு விநாடிகள் அவனுடையவை. தடித்த தந்திகளில் சரக்கு ரயில் கிளம்புவதுபோல் அவன் வாசித்த அந்த ஓட்டம் காதில் விழுந்ததுமே ஜனங்கள் கைதட்டிவிடுவார்கள், ஓலீட்டா வாயைத் திறப்பதற்கு முன்பே. அதை வாசித்த ஆரஞ்சு நிறக் கித்தார் இசைத்தட்டின் உறையிலேயே இருக்கிறது. மேடையில் அதைத் தோளில் மாட்டினால்தான் அவனை அடையாளம் தெரியும். மாட்டாமல் கடைக்குப் போனால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பாட்டின் நடுவில் ஒரு தனி வாசிப்பு வரும். அதற்கு முன்னால் ஓலீட்டா இசைத்தட்டில் "ஓட்டு, வெர்லின்!" என்று ஒரு குரல் கொடுப்பாள். இப்போதெல்லாம் அரங்கமே சேர்ந்து கத்துகிறது. ஒரு மனிதனுக்கு உலகத்தில் இவ்வளவு மரியாதை கிடைத்தபிறகு அவன் அதை விட்டுக்கொடுப்பானா?

ஆகவே ராத்திரிகளில் சமையலறையில் உட்கார்ந்து அந்த ஓட்டத்தையும் தனி வாசிப்பையும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டை மட்டும் வைத்து வாசிக்கப் பழகியிருந்தான். விரலே வைக்காமல் சும்மா மீட்டினால் ஒலிக்கும் தந்திகளைத் தந்திரமாக இடையில் சேர்த்துக்கொண்டான். உச்சத்தில் வரும் ஒரு நாலைந்து ஸ்வரங்கள் மட்டும் விட்டுப்போயின. மாதக்கணக்கில் சனிக்கிழமைதோறும் வானொலியின் நேரடி ஒலிபரப்பில் அப்படித்தான் வாசித்தான். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதில் அவனுக்கு ஒரு கள்ளச் சந்தோஷம்கூட இருந்தது.

ஆனால் அந்தத் தந்திரமெல்லாம் பழைய சுருதிக்குத்தான். ஒரு கட்டை இறக்கிவிட்டால் சும்மா ஒலிக்கும் தந்திகள் பாட்டோடு சேராது. ஒவ்வொன்றையும் அழுத்தியாகவேண்டும். அதற்கு மோதிர விரல் வேண்டும். சுருதியை ஏற்றுவதற்குக் கித்தாரின் கழுத்தில் மாட்டும் கவ்வி உண்டு. இறக்குவதற்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒரே வழி, ஆறு தந்திகளையும் ஒரு கட்டை தளர்த்துவது.

இன்றும் சனிக்கிழமை ஒலிபரப்புதான். மேடையில் கோமாளி ஒருவன் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் முடித்ததும் ரொட்டி மாவு விளம்பரம். அதற்குப் பிறகு ஓலீட்டா. வெர்லின் கித்தாரைத் தூக்கிக்கொண்டு பின்படிக்கட்டுக்குப் போனான்.

சாதாரணக் கித்தாராக இருந்தால் அந்த நேரம் போதும். ஆனால் இதில் சுருதியை அசைப்பதற்கு ஒரு கைப்பிடி இருந்தது, அதற்குக் கீழே சுருள்வில் இருந்தது. ஒரு தந்தியைத் தளர்த்தினால் வில் இழுத்து மற்ற ஐந்தும் ஏறிவிடும். ஐந்தையும் சரிசெய்தால் முதலாவது கெட்டுவிடும். வெர்லின் காதைக் கித்தாரின் வயிற்றோடு ஒட்டிவைத்துக்கொண்டு முறுக்கினான். உள்ளே ஜனங்கள் சிரித்தார்கள். கோமாளி எத்தனை நகைச்சுவை மிச்சம் வைத்திருக்கிறான் என்பது அவனுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

ஹோய்ட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். வெர்லினைவிடப் பத்து வயது இளையவன். அவன் தோளில் ஒரு பழைய டெலிகாஸ்டர் கித்தார் தொங்கியது.

"என்னண்ணே, தந்தியையே இறக்கறீங்க? விரல மாத்தி வெச்சா போதாதா?"

"கொஞ்சம் கரகரன்னு இருக்கட்டும்னு பாக்கறேன். ஏன், ஒனக்குக் கணக்கு சொல்லணுமா?"

"இல்லண்ணே. விளம்பரம் ஆரம்பிச்சுட்டாங்க, அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவன் இன்னும் ஏதோ சொல்ல நினைத்தவன்போல் நின்றான். வெர்லினுக்கு அவன் பார்வை பிடிக்கவில்லை. அது தன் இடது கையின்மேல் விழுகிறது என்று தோன்றியதும் கையைக் கித்தாரின் கழுத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். இவனுக்குத் தெரிந்தால் போச்சு, அடுத்த சனிக்கிழமை அந்த இடத்தில் இவன்தான் நிற்பான். வெர்லின் இவனுடைய வயதில் அப்படித்தான் ஒருவனுடைய இடத்தைப் பிடித்தான். அதனால் அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவது தந்தி இன்னும் முழுதாகச் சேரவில்லை. அப்படியே மேடைக்குப் போனான்.

ஜூலை மாதத்து மாலை. பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஜனங்கள் அட்டை விசிறிகளால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், வானொலிப் பெட்டிகளின் முன்னால், எத்தனை ஊர்கள் உட்கார்ந்திருந்தன என்பதை நினைக்காமலிருக்க வெர்லின் முயன்றான். அவர்கள் முறை வந்ததென்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓட்டத்தை ஆரம்பித்தான்.

தளர்ந்த தந்திகள் தடதடவென்று உறுமின. ரயில் கிளம்பியது, பழையதைவிடக் கனத்த ரயில். ஜனங்கள் வழக்கமான இடத்தில் வழக்கம்போல் கைதட்டினார்கள். வெர்லினுக்கு மூச்சு வந்தது. பிழைத்தேன் என்றுகூட நினைத்தான்.

முதல் சரணம் முடியும்போதே விளக்குகளின் சூடு வேலையைக் காட்ட ஆரம்பித்தது. மூன்றாவது தந்தி மெல்ல இறங்கியது. வாசிப்பின் இடைவெளிகளில் முறுக்காணியைத் திருகினான். அது சேர்ந்ததும் நான்காவது பிசகியது. அதை விட்டுவிட்டு மற்றவற்றில் சமாளித்தான். இரண்டாவது சரணத்தில் மூன்றும் நான்கும் அடியோடு கெட்டுவிட்டன. டிரம்ஸ்காரர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அவனுடைய தந்திர வாசிப்பு அந்த இரண்டு தந்திகளின்மேல்தான் நின்றுகொண்டிருந்தது. அவை போனால் தனி வாசிப்புக்கு மெலிந்த இரண்டு தந்திகள்தான் மிச்சம். அவற்றில் வாசிக்க மோதிர விரல் இல்லாமல் முடியாது.

தனி வாசிப்புக்கு இன்னும் நாலு வரிதான் இருந்தது. ஓலீட்டா பாடிக்கொண்டிருக்கும்போதே விரலை வைத்துப் பார்த்தான். யாருக்கும் கேட்காமல் தொட மட்டும் செய்தான். விரல் தந்தியைத் தொட்டது, ஒரு கணம் நின்றது, பிறகு சுருண்டு உள்ளே போனது. மறுபடியும் வைத்தான். மறுபடியும் போனது. பெற்ற பிள்ளை கடைத்தெருவில் வைத்துச் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் எப்படி அவமானமாக இருக்குமோ, அப்படி இருந்தது. கோபத்தில் அவனுக்குக் கண் இருட்டியது.

கடைசி வரி முடிந்தது. ஓலீட்டா திரும்பினாள். அரங்கம் முழுக்க எழுந்து கத்தியது.

"ஓட்டு, வெர்லின்!"

இந்த மேடையில் ஒரு வழக்கம் உண்டு. தனக்கு வந்த தனி வாசிப்பை இன்னொருவனுக்குக் கொடுக்கவேண்டுமானால் அவனைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தால் போதும். வாங்கிக்கொள்கிறவன் மறுக்கக்கூடாது. பத்து வருஷத்துக்கு மேலாக வெர்லின் அந்த வாசிப்புக்கு எவனையும் பார்த்துத் தலையசைத்ததில்லை. இப்போது ஹோய்ட்டைப் பார்த்தான். கழுத்து வரமாட்டேன் என்றது. அசைத்தான்.

ஒரு அடிகூடத் தப்பாமல் டெலிகாஸ்டர் உள்ளே நுழைந்தது. அதன் ஒலி மெலிதாக, கூர்மையாக இருந்தது. ஆனால் ஸ்வரங்கள் வெர்லினுடையவை. இசைத்தட்டில் இருந்தபடி ஒவ்வொன்றாக வந்தன. உச்சத்தில் அவன் மாதக்கணக்கில் விட்டுவிட்ட அந்த நாலைந்து ஸ்வரங்களும் வந்தன. அவற்றைக் கேட்டதும் வெர்லினுக்கு விளங்கியது. ஹோய்ட் புதிதாகப் படித்து வாசிக்கவில்லை. அந்த ஸ்வரங்களை ஒவ்வொரு சனிக்கிழமையும் இதே இடத்தில் வெர்லின் கேட்டிருக்கிறான். தன் வாசிப்புக்கு அடியிலிருந்து, மிக மெல்ல, அவை வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. அரங்கின் எதிரொலி என்று நினைத்திருந்தான். அதனால்தான் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஜனங்கள் வழக்கமான இடத்தில் கைதட்டினார்கள். ஆரஞ்சுக் கித்தாரைப் பார்த்துத்தான் தட்டினார்கள். கைதட்டலில் ஒரு குறைவும் இல்லை. அவன் சும்மா நின்றுகொண்டிருந்தான் என்பதைப் பார்த்தவர்கள் முன்வரிசையில் இருந்திருக்கலாம், அவர்களும் தட்டினார்கள். அது அவனுக்கு அந்த விரல் செய்த அவமானத்தைவிட அதிகமாக வலித்தது.

பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் ஒலிவாங்கிக்கு வந்தார். வாய்ஜாலத்துக்குப் பெயர்போன மனிதர், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாவுக் கம்பெனிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தவர். வெர்லின் டாகெட்டின் அந்த வாசிப்பை இதுவரை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், இன்றைக்கு வாசித்ததைப்போல் என்றைக்கும் கேட்டதில்லை என்று வானொலியில் உருகினார். ஹோய்ட் குனிந்து கித்தாரின் மின்கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவன் நிமிரவே இல்லை.

சும்மா இருந்திருந்தால் போதும். பேச்சும் அங்கேயே முடிந்திருக்கும், வெர்லினின் பெயரும் அப்படியே இருந்திருக்கும். அவன் ஒலிபரப்பில் ஒரு வார்த்தை பேசியறியாதவன். ஆனாலும் நடந்துபோய் அறிவிப்பாளரைத் தோளால் லேசாகத் தள்ளிவிட்டு ஒலிவாங்கியின் முன்னால் நின்றான்.

"அத வாசிச்சது நான் இல்லீங்க. ஹோய்ட் லேங்ஃபர்டு. ரொம்ப நாளாவே அவன்தான் பாதி வாசிச்சிட்டு இருக்கான்."

அரங்கம் புரியாமல் உட்கார்ந்திருந்தது. பிறகு எங்கோ ஒருவர் தட்டினார், இன்னும் சிலர் தட்டினார்கள். அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே அடுத்த விளம்பரத்துக்குத் தாவினார்.

திரைக்குப் பின்னால் ஓலீட்டா அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கட்டாத, கணீரென்ற தொண்டையில்தான் திட்டினாள்.

"அறிவு இருக்கா ஒனக்கு? ஒலிபரப்புல போய் ஒப்பாரி வெக்கற?"

"தொண்டை சரியில்லேன்னு சொன்ன?"

அவள் கோபம் சட்டென்று இறங்கியது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. குளிர்காலத்திலேயே அவன் விரலை ஸ்டூடியோவில் பார்த்துவிட்டாள். அவன் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். அவன் சொல்கிற வழியாக இல்லை. பாவம் கஷ்டப்படுகிறானே, தான் கொஞ்சம் இறங்கி வந்தால் அவனுக்குச் சுலபமாகும் என்று நினைத்திருக்கிறாள்.

"சுருதி எறங்கினா வெரலுக்கு லேசா இருக்கும்னு நெனச்சேன். பாடறவங்களுக்கு அப்படித்தானேய்யா. எனக்கென்ன தெரியும் கித்தாரப் பத்தி?"

வெர்லின் அவளைப் பார்த்தான். அவள் கழுத்தை நெரிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கட்டைவிரலைக் காட்டாமல் இருந்திருந்தால் இந்தச் சனிக்கிழமையும் தாண்டியிருக்கும், அடுத்ததும் தாண்டியிருக்கும். பிறகு சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தான். கண்ணில் நீர் வந்தது. சிரிப்பதை நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை.

ஹோய்ட் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏன்டா சொல்லல?" என்றான் வெர்லின்.

"எப்படிண்ணே சொல்றது? நீங்களே சொல்லலியே."

மேடை நிர்வாகி வந்து, எட்டு மணிக்கு ஓலீட்டாவுக்கு இன்னொரு பாட்டு இருக்கிறது, எதைப் பாடப்போகிறாள், யார் யார் வாசிக்கிறார்கள் என்று கேட்டார். கேட்டுவிட்டு ஹோய்ட்டைத்தான் பார்த்தார். இனிமேல் அப்படித்தான் பார்ப்பார்கள், ஸ்டூடியோக்களிலும் அப்படித்தான் பார்ப்பார்கள். வெர்லினுக்கு அது புரிந்தது. ஹோய்ட்டுக்கும் புரிந்திருக்கவேண்டும், அவன் தரையைப் பார்த்தான்.

ஓலீட்டா வெர்லின் பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கு எந்தச் சுருதி தோதுப்படும்? அதுலதான் பாடறேன்."

இருபது வருஷமாக இந்த ஊரில் வாசிக்கிறான். அவனிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை, அவனும் யாரும் கேட்கும்படி வைத்துக்கொண்டதில்லை. பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் தனக்கே அது தெரியாது என்று உறைத்தது. மறைப்பதற்கு எது தோது என்றுதான் இத்தனை மாதமும் பார்த்திருந்தானே தவிர, வாசிப்பதற்கு எது தோது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

"தெரியலம்மா. வாசிச்சுத்தான் பாக்கணும்" என்றான்.

ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தான். கெட்டுப்போன தந்திகளை ஹோய்ட் ஒவ்வொன்றாகச் சரிசெய்து கொடுத்தான். ஓலீட்டா, நிர்வாகி, டிரம்ஸ்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வெர்லின் இடது கையை வெளிச்சத்தில் நீட்டி, மடங்கும் விரலை மடங்கவிட்டு, மற்ற இரண்டையும் தந்தியின்மேல் வைத்தான்.