பாதிக் கடலை

என் கணவருடைய நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கிறது என்று முதலில் சொன்னவர் அவருடைய அக்கா, என் நாத்தனார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் அண்ணி என்று கூப்பிடும் அவர் எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் முட்டையில்தான் வந்து நிற்பார். அதனால் அவர் வாயைத் திறந்ததுமே என் காது தானாக அடைத்துக்கொள்ளும்.

என் கணவர் பால் டேங்கர் ஓட்டியவர். லாரி ஷெட்டில் அவருக்குப் பல்லழகர் என்று பெயர். சோடா மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பார். அதைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன் என்று போகிற இடமெல்லாம் தம்பட்டம் அடிப்பார். ஒருநாள் பால் ஏற்றப் போன பண்ணையில், பிறந்த ஈரம் காயாத கன்றுகளைக் காலைப் பிடித்து வேறொரு வண்டியில் வீசுவதைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றோடு பால், மோர், முட்டை, கறி, மீன் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போட்டார். டேங்கரையும் விட்டுவிட்டு சிமெண்ட் லாரிக்குப் போனார். கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். நானும்தான் சொன்னேன். பிறகு பழகிவிட்டது.

போன மழைக்காலத்தில் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்தன. பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கியது. தொண்டையும் பாதி செத்துப்போனது. மருத்துவமனையில் அவருக்கு விழுங்கப் பழக்கிய பெண் எனக்குத்தான் அதிகம் பாடம் எடுத்தாள். சாப்பாடு குழைவாகக் கரண்டியில் நிற்க வேண்டும், தண்ணீராக ஓடக் கூடாது. தோல், நார், விதை ஒன்றும் இருக்கக் கூடாது. கிளம்பும்போது அவள் கடைசியாக ஒன்று சொன்னாள்.

"இருமினா பயப்படாதீங்க. இரும வேண்டிய நேரத்துல இருமாம இருந்தா, அப்பப் பயப்படுங்க."

அன்றிலிருந்து எனக்கும் மிக்சிக்கும்தான் குடித்தனம். பூசணியையும் துவரம்பருப்பையும் கரைய வேகவைத்து, அரைத்து, வடிகட்டியில் தேய்த்து எடுப்பேன். கனிந்த வெண்ணெய்ப்பழத்தை மசிப்பேன். டோஃபுவை வாழைப்பழத்தோடு அடிப்பேன். ஓட்ஸ் கஞ்சியில், வறுத்த வேர்க்கடலையை வெண்ணெய் மாதிரி அரைத்துக் கலப்பேன். கண்ணில் போட்டால்கூட உறுத்தாது. இத்தனைக்கும் காரணம் இருந்தது. அடுத்த முறை எடை பார்க்கும்போது குறைந்திருந்தால் தம்பியைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய்ப் பாலும் முட்டையும் கொடுக்கப்போவதாக அண்ணி சொல்லிவிட்டார். வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவர் வாயில் அதை ஊற்றுவதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சொட்டுப் பால் இல்லாமல் இவரை எழுப்பி உட்கார வைக்கிறேனா இல்லையா பாருங்கள் என்று சவால் விட்டேன்.

அவரும் எழுந்தார். வாக்கரை வலது கையால் பிடித்து, காலை இழுத்து இழுத்து வீட்டுக்குள் நடந்தார். எடையும் குறையாமல் நின்றது. ஆனால் ஒரு மதியம் பூசணிக் கூழைக் கரண்டியோடு தள்ளிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"கடிக்கணும்," என்றார்.

"என்னைக் கடிக்காம இருந்தா சரி," என்றேன்.

பழைய ஆளாக இருந்தால் சிரித்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டார். நான் கூழைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

எனக்கு அடுத்த தெருவில் ஒரு சலவைக்கடையில் அரைநாள் வேலை. துணி இயந்திரத்துக்குள் போகும் முன் பைகளைத் துழாவிப் பார்க்க வேண்டும். பேனா, சாவி, மூக்குப்பொடி, பொய்ப்பல்கூட எடுத்திருக்கிறேன். நான் அங்கே இருக்கும் நேரம் அண்ணி இங்கே இருப்பார். இருப்பார் என்றால், முன்னறையில் டிவி ஓட, அண்ணி தூங்குவார்.

அப்போதுதான் கடலை டப்பா இறங்க ஆரம்பித்தது. எலியா என்று பார்த்தேன். எலி மூடியைத் திருகி மூடிவிட்டா போகும்? அதே வாரம் வாக்கரின் கால்களுக்கு யாரோ பழைய காலுறைகளை மாட்டியிருந்ததைக் கண்டேன். தரை கீறாமல் இருக்க இவர்தான் மாட்டினாராக்கும், ஒற்றைக் கையால் எப்படித்தான் மாட்டினாரோ என்று மெச்சிக்கொண்டேன். வீட்டுக்குள் டக் டக் என்ற சத்தம் நின்றுபோனது. அந்த அமைதி எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. அடுப்படியில் நின்று திரும்பினால் அவர் வாசற்படியில் நின்றுகொண்டிருப்பார்.

பிறகு விசில். மூச்சு விடும்போது மெல்லிசாக, குக்கர் ஆவி விடுவதற்கு முன்னால் கேட்குமே, அப்படி. சளி என்று ஆவி பிடிக்க வைத்தேன். அண்ணி மருத்துவரிடம் போகலாம் என்றார். நான் வேறு கணக்குப் போட்டேன். டப்பா குறைவது அண்ணி இருக்கும் நேரத்தில். தம்பி கேட்டான் என்று பாசத்தில் ஒன்றை ஊட்டியிருந்தால்? கடலையே கொடுத்தவர் முட்டையையும் கொடுத்திருக்க மாட்டாரா? முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன்.

"எங்கம்மா போனப்ப இவனுக்கு மூணு வயசு. அன்னையிலேருந்து எங்கையால சோறு ஊட்டினவ நான். அவன் தொண்டையில கல்லைப் போடுவேன்னு நெனைச்சியா?" என்றார் அண்ணி. அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. துவைக்கத் துணிகளை அள்ளினேன். ஊரார் பையையெல்லாம் துழாவுகிறவள், இவர் பையை மட்டும் பார்த்ததே இல்லை. எங்கேயும் போகாத மனிதரின் பையில் என்ன இருந்துவிடப் போகிறது? அன்று கை தானாகப் போனது. ஸ்வெட்டர் பையில் முடிச்சுப் போட்ட கைக்குட்டை ஒன்று கனமாக இருந்தது.

அவிழ்த்தேன். வேர்க்கடலை. எல்லாம் முழுசு. உப்பும் தோலும் போய் வெளுத்து, ஊறிக் காய்ந்து கிடந்தன. எனக்குப் புரிந்தது. தின்னவில்லை. வாயில் போட்டு அடக்கிவைத்துச் சப்பிவிட்டுத் துப்பியிருக்கிறார். என் கூழில் இல்லாத ஏதோ ஒன்றுக்காக, திருடன் மாதிரி சத்தமில்லாமல் அடுப்படிக்கு வந்து போயிருக்கிறார். நல்லவேளை, அந்த அளவுக்காவது புத்தி இருந்ததே என்று போன உயிர் திரும்பி வந்தது. பாவம், கேட்டிருந்தால் பல்லுக்கிடையில் துணியில் சுற்றியாவது ஏதாவது வைத்திருப்பேனே என்று அழுகை வந்தது. அப்படியே கைக்குட்டையை உதறினேன்.

கடைசியாக விழுந்தது பாதி. அதன் ஓரத்தில் பல் பதிந்திருந்தது.

மற்றப் பாதியைத் தேடினேன். கைக்குட்டை மடிப்பில் இல்லை. நான்கு பைகளையும் உள்ளே வெளியே திருப்பினேன். தலையணை உறையைக் கழற்றினேன். மெத்தையைத் தூக்கினேன். கட்டிலுக்கு அடியில் படுத்துத் தரையைக் கையால் தடவினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் தேடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கச் சொல்லி, விரலை விட்டுக் கன்னத்தின் ஓரமெல்லாம் துழாவினேன். ஒன்றும் இல்லை.

அண்ணி உள்ளே வந்தார். கோபம் தீராத முகம்தான், ஆனாலும் தம்பியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவர் பக்கத்தில் குனிந்து கேட்டுவிட்டு நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"விசில் நின்னுடுச்சு பாரு. சளி கரைஞ்சிடுச்சு," என்றார்.

நான் அவர் சட்டையைத் தூக்கி முதுகில் காதை வைத்தேன். இடது பக்கம் மூச்சு வந்து போனது. வலது பக்கம் வைத்தேன். அழுத்தி வைத்தேன். சுவரில் காதை வைத்த மாதிரி இருந்தது; அந்தப் பக்கம் காற்றே போகவில்லை.

"அண்ணி, ஆம்புலன்சைக் கூப்பிடுங்க," என்றேன். கையிலிருந்த பாதியைக் காட்டினேன். அவருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

நான் கணவரின் நாற்காலி முன்னால் மண்டியிட்டேன். எப்போது என்று கேட்டேன். ஏன் என்று கேட்டேன். அவர் உதடு நீலம் பூத்திருந்தது. வேலை செய்கிற பாதி வாயால் சிரித்தார், அத்தனை பல்லும் தெரிய.

"கடிச்சேன்," என்றார்.

அவர் ஒருமுறைகூட இருமவில்லை.